தேங்காய் அளவு நத்தை

"தேங்கா அளவு நத்தைங்க. ராத்திரி பூரா உக்காந்து அண்ணனோட படத்தைத் திருத்திக் குடுத்துட்டு, விடிஞ்சதும் கூலிகூட வாங்காம போயிடுச்சு."

பேப்பர்காரர் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் கணவரின் நகங்களை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் மை போகவில்லை. முப்பத்தைந்து வருடமாகப் போகாத மை, இன்றைக்குப் பெரிய மனது பண்ணிப் போய்விடுமா என்ன. இருந்தும் துடைத்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க."

"நான் எதையும் பார்க்கல," என்றாள்.

தெருவில் அவள் கணவருக்கு நத்தையார் என்றுதான் பெயர். பகலெல்லாம் அச்சகத்தில் மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அடித்தார். மிச்ச நேரமெல்லாம் மரப்பலகையில் புல், பூச்சி, குட்டை என்று செதுக்கித் தாளில் ஒற்றி எடுத்தார். எதையும் நேரில் பார்க்காமல் செதுக்க மாட்டார். ஒரு வெட்டுக்கிளி திரும்பி உட்காருவதற்காக மூன்று நாள் குந்தியிருந்தாராம். மூன்றாம் நாள் வெட்டுக்கிளிக்கே வெட்கமாகிவிட்டதாம்.

நத்தை வந்தது கோரைப்புல் படத்துக்கு. பலகையில் மை உருட்டிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். காலையில் தாளில் ஒற்றினால், கறுத்த புல்லுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தது. அதுவரை வெறும் புல்லாக இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது. உடனே உளியை எடுத்து அந்தத் தடத்திலேயே செதுக்கிவிட்டார். சாட்சியும் அதோடு சீவலாகப் போயிற்று.

"எண்ணெய் மை மேல எந்த நத்தைங்க ஏறும்? தூக்கக் கலக்கத்துல உங்க சட்டை நுனி இழுத்திருக்கும்," என்றாள் அன்றைக்கு.

"சட்டைக்கு அவ்வளவு ரசனை கிடையாதுடி," என்றார் அவர்.

ஊரில் எல்லோரும் அரைக்காலாவது நம்பினார்கள். அவள் ஒருத்திதான் அசையவில்லை. அவள் நம்பாத ஒவ்வொரு வருடமும் நத்தை வளர்ந்தது. முதலில் சட்டைப் பொத்தான் அளவு. மகள் பள்ளிக்கூடம் போனபோது எலுமிச்சை. அச்சகத்திலிருந்து அவர் ஓய்வு பெற்ற அன்று தேங்காய். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அது உள்ளே வருவதற்கு வாசலை இடிக்க வேண்டியிருந்திருக்கும்.

மகள் வந்து அவள் பக்கத்தில் குனிந்தாள். "அம்மா, பட்டறையில பலகை மையோட கிடக்கு. துடைச்சிடவா? காஞ்சா கோடெல்லாம் அடைச்சுக்கும்."

"இருக்கட்டும்."

"பின்னாடி மறுபடி பூசிக்கலாம்மா."

"மறுபடி பூசினா அது நாம பூசினது," என்றாள். "மழை நாள். சாயங்காலம் வரைக்கும் காயாது."

காலையில் பட்டறையிலிருந்து அவர் கூப்பிட்டிருந்தார். பெரிய பலகை. ஒரு வருடம் செதுக்கியது. தாளை நழுவாமல் இறக்க ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். அந்த இன்னொரு பக்கம் எப்போதும் அவளுடையது.

"வா, தாளைப் பிடி."

"பால் பொங்கப் போகுது. வரேன், இருங்க."

பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். மை உருளை மடியில் கிடந்தது. வேட்டியெல்லாம் கறை என்றுதான் முதலில் நினைத்தாள். இருங்க என்றுதானே சொன்னேன் என்பது அதற்கப்புறம்தான் வந்தது. வந்தது, காலையிலிருந்து போகவில்லை. அழுகை மட்டும் வரவில்லை.

மதியத்துக்கு மேல் வண்டி வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். பேப்பர்காரர் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, நிலைப்படி," என்றார். எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது தூறல் விடவில்லை. பேப்பர்காரர் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். யாரோ அவள் கையில் டம்ளரைக் கொடுத்தார்கள். குடித்தாள். காபியா டீயா என்று தெரியவில்லை.

பிறகு எழுந்து பட்டறைக்குப் போனாள். மகள் பின்னாலேயே வந்தாள். காலையில் அவரைத் தூக்கி வந்தபோது திறந்த கதவு அப்படியே கிடந்தது. சாரலில் தரை நனைந்திருந்தது. முக்காலியை யாரோ சுவரோரம் நகர்த்தியிருந்தார்கள். கயிற்றில் தாள் கிளிப்போடு தொங்கியது.

அவள் விளக்கைப் போடாமல் தாளை எடுத்தாள். "பிடி."

"நானா?"

"இழுக்காத. நடுவுல முதல்ல தொடட்டும். விடு இப்ப."

தாள் பலகையில் படுத்தது. மரக்கரண்டியை எடுத்து அதன் முதுகில் தேய்த்தாள். அவள் கல்யாணமான வருடம் அடுப்படியிலிருந்து காணாமல் போன கரண்டி. இந்த வேலை எப்போதும் அவருடையது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அழுத்தினாள்.

அது சுவர் முழுக்கப் படர்ந்த கொடி. இலைமேல் இலை, இடுக்கே கிடையாது. போன வாரம் பலகையைப் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டுதுங்க, எங்கயாவது கொஞ்சம் வெளிச்சம் விடுங்க," என்று சொல்லியிருந்தாள். "பார்க்கலாம்," என்றிருந்தார்.

இருவருமாகத் தாளைத் தூக்கினார்கள். மகள் சட்டென்று விளக்கைப் போட்டாள்.

கறுத்த இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. கீழ் மூலையில் ஏறி, ஓர் இலையைச் சுற்றி, இரண்டு இடத்தில் நின்று யோசித்து, மேல் விளிம்பு வழியாக வெளியே போயிருந்தது.

மகள் பலகையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "அம்மா, இது அப்பா..."

"அப்பா செதுக்கினது இல்ல. பலகையில கோடு இருக்கா பாரு."

பலகையில் கோடு இல்லை. மை மட்டும் அந்தத் தடத்தில் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. பலகை கிடந்த மேசைக்கு மேலே, ஈரச் சுவரில், அது ஏறிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். அடிவயிறெல்லாம் மை.

நாற்காலிகளை அடுக்கி முடித்த பேப்பர்காரர் வாசலில் வந்து நின்றார். "என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

அவள் தாளைக் கயிற்றில் மாட்டி இரண்டு பக்கமும் கிளிப் போட்டாள்.

"நத்தை வந்திருக்கு," என்றாள். "அன்னிக்கும் வந்துதான் இருக்கும்."

பேப்பர்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நெஜமாவா? எவ்வளவு பெருசு அண்ணி?"

அவள் நகர்ந்து சுவரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தேங்கா அளவு," என்றாள்.