பரமசிவன் போகாத மேடிசன்

அமெரிக்காவில் மேடிசன் என்ற ஊருக்குப் பால்பண்ணைப் படிப்புக்காகப் போகும் வாய்ப்பு முதலில் பரமசிவனுக்குத்தான் வந்தது. போகக் கூடாதென்று அவன் அம்மா வடிவம்மாள் மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். "வர இயலாது" என்று பரமசிவன் எழுதிப் போட்டான். பட்டியலில் அடுத்த பெயர் ஞானதுரை. இருவரும் தென்காசி விவசாய டிப்போவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

ஞானதுரை இரண்டு வருஷம் கழித்து, 1936-ல் திரும்பி வந்தான். வாசகசாலையில் அவனைப் பேச வைத்தார்கள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஊர். மையத்தில் வெள்ளைக் கும்மட்டத்தோடு சட்டசபை. வீதியில் நேராகப் போனால் குன்றின்மேல் பல்கலைக்கழகம். பனிக்காலத்தில் ஏரி உறைந்து, அதன்மேல் மோட்டார் கார் ஓடும் என்றான்.

கேட்கக் கேட்கப் பரமசிவனுக்கு வயிறு எரிந்தது. ஞானதுரை போட்டிருந்த கோட்டும், அந்த நிதானமான பேச்சும் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டியவை.

"தண்ணி மேல காரா? புளுகுக்கும் ஒரு அளவு வேணும்லா!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஞானதுரை முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது ஞானதுரை கேட்டான்:

"ஏலே, ஏரி உறையும்னு எனக்கு மொதல்ல சொன்னதே நீதானலே? நீ புஸ்தகத்துல படிச்சுச் சொன்னதக் கேட்டுத்தான நான் கம்பளிச் சட்டை தச்சேன்?"

பரமசிவன் வேட்டியை முறுக்கிப் பிழிந்தான்.

"பொறுக்கலலே எனக்கு," என்றான்.

அடுத்த வாரம் செங்கோட்டையில் ஞானதுரையின் பேச்சு. பரமசிவனும் கூடப் போனான். அங்கேயும் ஏரி என்றதும் ஒருவர் சிரித்தார். பரமசிவன் எழுந்தான். "சிரிக்காதீங்க அண்ணாச்சி, நெசந்தான்," என்று ஆரம்பித்தவன் உட்காரவில்லை. ஏரிகளின் பெயர், பாலில் கொழுப்பைச் சோதிக்கும் முறை, மாணவர்கள் பனியில் சறுக்கும் சரிவு என்று அரைமணி நேரம் பேசினான். ஞானதுரை நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பேச்சு முடிந்ததும் சிரித்தவரே பக்கத்தில் வந்து, பரமசிவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்த மாதிரியே இருக்கு தம்பி. நீங்க எந்த வருஷம் அங்கன இருந்தீங்க?"

பரமசிவன் ஞானதுரையைப் பார்த்தான். அவன் குனிந்து, கோட்டுக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.