கோகிலவாணியின் முகங்கள்

காலேப் வரப்போகிறார் என்பதைச் சொல்ல, கல்லூரித் தாளாளர் சத்யநாராயணன் காபி வரவழைத்தார். கேம்ப் ரோடு நெரிசலைப் பற்றிக் கொஞ்ச நேரம் அலுத்துக்கொண்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"சனிக்கிழமை கேளம்பாக்கம் மேட்சுக்கு நானும் வரேம்மா. கூட காலேப்னு ஒருத்தர் வருவார். கோச். சிட்டியில நல்ல பேரு. சும்மா பாக்கத்தான்."

"பாக்கட்டும் சார்," என்றாள் கோகிலவாணி.

"தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பொண்ணுங்க இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. டிரஸ்ட்ல கேக்கறாங்க. இதுவும் போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

அவள் தலையாட்டினாள். காபி ஆறிப் போயிருந்தது. இருந்தாலும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். மிச்சம் வைத்தால் கோபித்துக்கொண்டதாக நினைப்பார். அப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களில் அவள் எப்போதும் கவனமாக இருந்தாள்.

ஒரு காலத்தில் ரயில்வே அணிக்கு ஆடியவள். முழங்கால் கைவிட்ட பிறகு, இந்தப் பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தாள். விடிவதற்கு முன்பே சேலையூரின் அந்த சிமெண்ட் மைதானத்தில் விசில் ஊதுவாள். தாம்பரம் விமானப்படை நிலையத்தின் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போகும்போது மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். அங்கே அந்தப் பெண்கள் ஆடுவதைப் பார்த்தால் யாரும் மெச்சுவார்கள். மேட்ச் என்று வந்துவிட்டால் வேறு ஆட்களாகிவிடுவார்கள்.

தன்னை மாற்றத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியை அவள் தாளாளருக்கு முன்பே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில், குளியலறையில், இட்லி மாவு கரைக்கும்போது. அவருடைய நாற்காலியில் தான் இருந்தால் எப்போதோ மாற்றியிருப்போம் என்றும் தோன்றும். என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். அதைத் தீர்க்கத்தான் தெரியவில்லை. பந்து ரிங்கில் பட்டுத் தெறித்ததும் இந்தப் பெண்கள் பந்தைப் பார்ப்பதில்லை. பெஞ்சில் இருக்கும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் பறந்துவிடும்.

"என்னை ஏண்டி பாக்கறீங்க? பந்தப் பாருங்க!" என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். அதைக் கேட்பதற்கும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை காலை கல்லூரி வேன் வண்டலூரில் இடப்பக்கம் திரும்பி, கேளம்பாக்கம் சாலையில் ஓடியது. கோகிலவாணி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நேர் மேலே உள்கண்ணாடியில் பின்சீட்டு முழுவதும் தெரிந்தது. அணியிலேயே உயரமான ஏஞ்சல் எழுந்து நின்று, தலை கூரையில் இடிக்காமல் குனிந்தபடி என்னவோ வித்தை காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது இன்னா மூஞ்சி, சொல்லுங்கடி?"

கன்னத்தை உள்ளே இழுத்துக் கீழுதட்டைக் கடித்தாள்.

"ஃப்ரீ த்ரோ போச்சு!" என்று இரண்டு மூன்று பேர் கத்தினார்கள்.

"இது?" புருவம் இரண்டும் மேலே ஏறின. மூக்கால் நீளமாக மூச்சு விட்டாள்.

"பாஸ் தப்பு! பாஸ் தப்பு!"

வேன் குலுங்கச் சிரித்தார்கள். கோகிலவாணிக்கே சிரிப்பு முட்டியது. அச்சு அசலாக இருந்தது. அந்த மூச்சை அவள் அப்படித்தான் விடுவாள் போலிருக்கிறது.

"இது லாஸ்ட். நல்லா பாத்துக்குங்க."

ஏஞ்சலின் முகத்தில் எல்லாம் தளர்ந்தது. கண் எங்கோ தூரத்தில் நின்றது. உதடு சிரிக்கப் பார்த்தது, முடியாமல் பாதியில் விட்டது. யாருக்கும் விடை தெரியவில்லை.

"இன்னாடி, தெர்ல? வேல போகப்போற மூஞ்சி."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"போதும்டி, உக்காரு," என்றாள் அணியின் கேப்டன் அஃப்ஷான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் முன்சீட்டுக்கு எல்லாம் கேட்டது. "அது காமெடி இல்ல. அந்த மூஞ்சிய பாத்தா எனக்கு பந்து கையில கனக்குது. போடறதுக்கு முன்னாடியே தப்பிடும்னு தோணுது."

மாம்பாக்கம் கடந்துகொண்டிருந்தது. கோகிலவாணி திரும்பவில்லை. தாளாளர் சொன்னதை அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, வீட்டில்கூட. அவளுடைய முகம் மட்டும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருக்கிறது. மெல்ல நிமிர்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ஏஞ்சல் காட்டிய கடைசி முகம் அங்கே இருந்தது, கொஞ்சமும் மாறாமல்.

கேளம்பாக்கத்தில் எதிரணியின் பொறியியல் கல்லூரி உள்ளரங்கம் பளபளவென்று இருந்தது. மரத்தரை. முந்தைய சந்திப்பில் இதே அணியிடம்தான் மானம் போகத் தோற்றிருந்தார்கள். கேலரியின் மேல்படியில் தாளாளரோடு ஒரு கனத்த ஆள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் காலேப் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் பாதி முழுக்க அவள் முகத்தைக் கட்டிப்போட்டாள். என்ன நடந்தாலும் அசைவதில்லை என்று வைராக்கியம். சிமெண்ட் பூசினாற்போல் உட்கார்ந்திருந்தாள். அது இன்னும் மோசமாகப் போனது. முன்பாவது ஒரு பார்வையில் படித்துவிட்டு ஓடினார்கள். இப்போது படிக்க முடியாமல் நின்று நின்று பார்த்தார்கள்.

"இது எந்த மூஞ்சிடி?" என்று அஃப்ஷான் ஓடிக்கொண்டே கேட்டது காதில் விழுந்தது.

"சிலபஸ்லயே இல்லடி!" என்றாள் ஏஞ்சல்.

இடைவேளையில் பத்தொன்பதுக்கு முப்பத்திரண்டு என்று பின்தங்கியிருந்தார்கள்.

பெண்கள் வியர்வை சொட்ட அவளைச் சுற்றி நின்றார்கள். எல்லாக் கண்களும் அவள் முகத்தில். திட்டட்டும் என்று காத்திருக்கிறார்கள். திட்டிவிட்டால் நிம்மதி. தப்பு அத்தோடு தீர்ந்துபோகும். கோகிலவாணி இதை உள்ளுக்குள்ளிருந்தே அறிவாள். அவளும் யார் முகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள்தான். சத்தமாகச் சிரிக்கும் முன், வாசலைத் தாண்டும் முன், மேசைமேல் காபியை வைக்கும் முன்.

இவர்களுக்குச் சொல்ல அவளிடம் புதிதாக ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சேலையூர் மைதானத்தில் சொல்லியாகிவிட்டது. இங்கே மிச்சமிருப்பது இந்த முகம் ஒன்றுதான். அதை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அப்படிப் போவது என்றால், மேலே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நாற்காலியைத் தானே காலி செய்து கொடுப்பது. இருக்கட்டும் என்று நிமிர்ந்தாள்.

"அஃப்ஷான், இனிமே பெஞ்ச் உன்னோடது. டைம் அவுட் நீ கேளு. ஆள் மாத்தறதும் நீதான். ரெஃப்ரீகிட்ட நான் சொல்லிடறேன்."

"மேம், கோவமா?"

"இல்லடி."

"வீட்டுக்குப் போறீங்களா?"

"மேல போய் உக்காரப்போறேன். மேட்ச் பாக்கணும். பெஞ்ச்ல இருந்தா எனக்கு உங்க முதுகுக்கு பதிலா மூஞ்சிதான் தெரியுது."

சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள். அவள் தண்ணீர் பாட்டிலை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் படியேறினாள்.

"இன்னா மேடம், ரெஃப்ரீ வெளிய அனுப்சிட்டாரா?" என்று கேட்டார் காலேப். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நானே வந்துட்டேன்."

"அப்ப அங்க யாரு?"

"அவங்கதான்."

தாளாளர் பதறிப்போனார். "என்னம்மா இது? மேட்ச் நடக்குது, நீங்க இங்க வந்து..."

"பாருங்க சார்," என்றாள். தன் குரல் இவ்வளவு அமைதியாக வருகிறதே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

விசில் ஒலித்தது. முதல் வாய்ப்பே அஃப்ஷானுக்கு. பந்து ரிங்கில் இடித்துத் தெறித்தது. அஃப்ஷான் பழக்கம் விடாமல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தண்ணீர் பாட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பி ஓடினாள். அப்படி ஓடுவாள் என்று எதிரணி எதிர்பார்க்கவில்லை. நடுக்கோட்டில் அவர்களுடைய பந்தை வழிமறித்துத் தட்டிப் பறித்து, தனியாகவே போய்ப் போட்டுவிட்டாள்.

"ஏய், உள்ள போ, உள்ள போ!" என்று காலேப் எழுந்து கத்தினார்.

கோகிலவாணி அவருடைய சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "சார், கத்தாதீங்க. உங்களைப் பாக்க ஆரம்பிச்சிருவாங்க."

வித்தியாசம் பத்தாகியது, ஆறாகியது. ஒவ்வொரு தடவை பந்து தவறும்போதும் ஒரு தலை பெஞ்சை நோக்கித் திரும்பும், பாட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் எந்தத் தலையும் திரும்பவில்லை. அவளுக்குள் நெருஞ்சி முள்ளாய் ஒன்று தைத்தது. இவ்வளவு சீக்கிரமா? ஒருத்தியாவது தேடக்கூடாதா? அப்படி நினைத்த தன்னைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. தைத்தது தைத்தபடி இருக்க, கைகள் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

கடைசிப் பகுதியில் எதிரணி மறுபடி முன்னேறியபோது அஃப்ஷான் டைம் அவுட் கேட்டாள். வட்டமாகக் குனிந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று மேலே கேட்கவில்லை. வட்டத்துக்கு நடுவில் ஏஞ்சலின் தலை மட்டும் உயரமாகத் தெரிந்தது. புருவம் இரண்டும் மேலே ஏற, மூக்கால் நீளமாக மூச்சு விட்டாள். வட்டம் முழுக்கக் குலுங்கியது.

"தோத்துகினு இருக்கசொல்ல இன்னா சிரிப்பு?" என்றார் காலேப்.

"அது நான் சார்," என்றாள் கோகிலவாணி. அவர் புரியாமல் பார்த்தார்.

சிரித்துவிட்டுப் போனவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு புள்ளிதான் குறைவு என்ற நிலையில் கடைசி நொடிகளில் பந்து அஃப்ஷான் கைக்கு வந்தது. அரங்கமே எழுந்துவிட்டது. அவள் குதித்துப் போட்டாள். பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டது.

இந்த இடத்தில்தான், இந்த ஒரு கணத்தில்தான், வருடம் முழுக்கத் தோற்றிருக்கிறார்கள்.

அஃப்ஷான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. தான் தவறவிட்ட பந்தின் பின்னாலேயே போனாள். இரண்டு பேருக்கு நடுவில் தோளைக் கொடுத்து எகிறி, கீழே இறங்குவதற்கு முன்பே அதைப் பிடித்து, மறுபடியும் போர்டில் அடித்தாள். பந்து வலைக்குள் விழுந்தது. மணி அலறியது.

கோகிலவாணி எழுந்து நின்றதோ கத்தியதோ அவளுக்கு நினைவில்லை. சொன்னது காலேப்தான்: "சட்டய விடுங்க மேடம், கிழிஞ்சிடும்." அவள் அவருடைய காலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாளாம்.

பெண்கள் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார்கள். வியர்வையும் கண்ணீருமாக மேலே விழுந்தார்கள். ஏஞ்சல் மட்டும் இரண்டு படி கீழே நின்று அவளுடைய முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"மேம்! இது இன்னா மூஞ்சி? இத நான் பாத்ததே இல்லியே!"

வேனில் நடந்தது முன்சீட்டுக்குக் கேட்டிருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது போல, நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோகிலவாணி அவளுடைய காதைப் பிடித்துத் தன்னருகே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சத்யநாராயணன் தொண்டையைச் செருமினார். "சந்தோஷம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. நீங்க அங்க இல்லாமதான ஜெயிச்சாங்க?"

"ஆமா சார்," என்றாள் கோகிலவாணி. "நான் இல்லாம ஜெயிக்கத்தான் இவ்வளவு நாளா கத்துக்கொடுத்தேன். எழுந்து வரத்தான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல." அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவருடைய முகம் எப்படிப் போகிறது என்று அவள் கவனிக்கவும் இல்லை. "அடுத்த சீசன்லயும் மேட்ச் நடக்கறப்ப நான் இங்கதான் உக்காருவேன். காலைல கிரவுண்ட்ல நான்தான் இருப்பேன். அது சரிப்படும்னா சொல்லுங்க."

"சரிப்படும் சார்," என்றாள் அஃப்ஷான். கேட்டது அவளை அல்ல. ஆனாலும் சொன்னாள்.

சத்யநாராயணன் ஒருமுறை கீழே மைதானத்தைப் பார்த்தார். சிவப்பு நாற்காலியும் பாட்டிலும் அப்படியே இருந்தன. பிறகு பக்கத்தில் திரும்பினார். "காலேப், உங்களை வீணா அலைய வெச்சிட்டேன்."

"வீணா இன்னா சார்? நல்ல மேட்ச்சு," என்றார் காலேப். காலரை நீவிவிட்டுக்கொண்டார். "எனக்கு எத்தினி மூஞ்சி கீதுன்னு வூட்ல போய் பாக்கணும்."

திரும்பும்போது வேனில் ஒரே கூச்சல். மாம்பாக்கம் தாண்டியதும் ஏஞ்சல் மறுபடி எழுந்து நின்றாள். கண்ணாடியில் கோகிலவாணிக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து, கண்ணை விரித்து, யாருடைய சட்டையையோ பிடித்து உலுக்கினாள்.

"இது தப்புடி," என்று முன்சீட்டிலிருந்து குரல் வந்தது. கோகிலவாணி சீட்டில் முழங்காலை மடித்து, பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நல்லா பாத்துக்க."

வண்டலூர் வரை அவள் முன்னால் திரும்பவே இல்லை.