கிளிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் என்னிடம் நியாயம் பேச வரக் கூடாது.

ஆறு வருடங்களுக்கு முன் என் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வெளிச்சத்தம் விழாமலிருக்க அக்காவைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்து, மூவாயிரம் வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். "இந்தப் புழுக்கத்துலயே நான் போய்ட்டா அந்த டாக்டருக்கு வேலை மிச்சம்டா" என்று நடுவில் சிரித்தாள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

அதை வைத்து நான் எழுதிய நிரலுக்குப் பெயர் கிளி. அக்கா இடுப்பில் ஒரு சின்னக் கணினி மாட்டியிருப்பாள். சொல்ல வேண்டியதைத் தட்டிவிட்டுப் பச்சை விசையை அழுத்தினால், கணினி கிளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வார்த்தைகள் அக்காவின் சொந்தக் குரலில் வெளியே வரும்.

நிரலை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தேன். இப்படிப்பட்ட நிரல்களைச் சேர்த்துத் தொகுப்பாக்கி உலகம் முழுக்க விநியோகிக்கும் குழு ஒன்று உண்டு. சம்பளமில்லாமல் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள். கிளியையும் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவின் கணினி வாரம் ஒரு முறை தானாகவே அவர்களிடமிருந்து புதியதை இறக்கிக்கொள்ளும். அப்படி அமைத்துக் கொடுத்ததும் நான்தான்.

போன வருடம் வந்தது வினை. அதே தொகுப்புக்குள் இன்னொரு கிளி! ஓரிடத்தில் நகலெடுத்ததை வேறிடத்தில் ஒட்டுகிற நிரல். எழுதியவள் யாரோ ஒரு சின்னப் பெண். ஆறே மாதத்தில் நாற்பதாயிரம் பேர் பிடித்திருக்கிறதென்று அதற்கு நட்சத்திரம் குத்தியிருந்தார்கள். அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் ஸ்டார். ஒரே பெயரில் இரண்டு நிரல் இருந்தால் எதைக் கூப்பிடுகிறோம் என்று கணினிக்குத் தெரியாது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுகிறதா என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

குழுவின் சட்டமோ அதைவிட அநியாயம். முதலில் வந்தவன், பெரியவன் என்ற பேச்சே கிடையாது. இருவரும் பேசி ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பெயர் இருவருக்கும் இல்லை. இரண்டு பேரும் வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லோரும் படிக்கிற குழுவின் பொது மின்னஞ்சல் பட்டியலில் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினேன். உங்கள் நிரல் எதற்குப் பயன்படுகிறது என்று ஸ்டார் ஒரு முறை மரியாதையாகத்தான் கேட்டாள். அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்று பதில் போட்டேன். என் பெயரை என் உரிமையில் வாங்க வேண்டும். அக்காவின் தொண்டையைக் காட்டிப் பிச்சை வாங்குவதா? அந்த மாதிரிப் பிழைப்பு எனக்கு வராது.

கடைசியில் மூன்று பேரும் திரையில் சந்தித்தோம். குழுவின் ஒருங்கிணைப்பாளரை எல்லோரும் நாட்டாமை என்றுதான் கூப்பிடுவோம்.

"சார், உங்க நிரலை மொத்தம் பதினோரு பேர்தான் வச்சிருக்காங்கன்னு கணக்கு காட்டுது" என்றார் நாட்டாமை.

"பதினோரு பேர்னா இளப்பமா?"

"நான் அப்படிச் சொல்லலையே அண்ணா" என்றாள் ஸ்டார். "அந்தப் பேரு எங்கயாவது முக்கியமான வேலை செய்யுதுன்னா சொல்லுங்க, நான் யோசிக்கறேன்."

"யாருக்கு யாரு அண்ணா? நாட்டாமை, எனக்கும் வேண்டாம், இவங்களுக்கும் வேண்டாம். ரெண்டு பேர்கிட்டயும் பிடுங்கிடுங்க."

"சரி, உங்க இஷ்டம். வழக்கம்போல ஆறு மாசம் பழைய பேரு வேலை செய்யட்டும். கூப்பிட்டா 'பேர் மாறப்போகுது'ன்னு எச்சரிக்கை வரும். எல்லாரும் மெதுவா மாத்திக்கட்டும்."

"ஆறு மாசம் இவங்க அந்தப் பேரை வச்சு அனுபவிக்கணுமா? ஒரு நாள்கூடக் கூடாது. இந்த வாரமே எடுங்க."

எடுத்துவிட்டார்கள். தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்வது என்பார்களே, அன்றைக்கு அது எனக்கு வீரமாகத் தெரிந்தது. என் கணினியில் எதுவும் மாறவில்லை. நான் எப்போதும் கையோடு எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கிறவன். குழு தருகிற தொகுப்பை ஒரு நாளும் இறக்கியதில்லை. சமைத்த பானையிலிருந்தே அள்ளித் தின்கிறவனுக்குப் பந்தியில் என்ன விழுந்தது என்று எங்கே தெரியப்போகிறது?

அக்கா ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகத் துணி வெட்டுகிறாள். அந்த வியாழக்கிழமை பத்து மணிக்குச் சூப்பர்வைசர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. என்னென்ன கேட்பார்கள், என்னென்ன சொல்வது என்று ஒரு மாதமாகத் தட்டித் தட்டிப் பழகியிருந்தாள். அன்று காலை எட்டு மணிக்கு அவளுடைய கணினி புதியதை இறக்கிக்கொண்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் கேள்விக்குப் பதிலைத் தட்டிப் பச்சை விசையை அழுத்தினாள். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை. பேனா வாங்கிக் காகிதத்தில் எழுத ஆரம்பித்தாள். "நாப்பது பேரை மேய்க்கணும்மா. இப்படி எழுதிக் காட்டிக்கிட்டிருந்தா எப்படி?" என்றார் மேனேஜர். வேலை இன்னொருத்திக்குப் போனது. மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான்.

நேராக என் அறைக்கு வந்து கணினியை மேசையில் வைத்தாள். இரண்டு நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கணினி இன்னும் கிளி என்றே கூப்பிடுகிறது, அந்தப் பெயரில் இப்போது எந்த நிரலும் இல்லை. ஒரே ஒரு வரியை மாற்றினால் அக்காவின் கணினி பேசும். மீதிப் பத்துப் பேர்? யார் வீட்டில் எந்த வாய் அடைத்துக் கிடக்கிறதோ! பழைய பெயரைத் திரும்ப வைக்க ஸ்டாரின் சம்மதம் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி பட்டியலில் எழுதினேன்.

நாலே நிமிடத்தில் பதில் வந்தது. "அய்யய்யோ! பேரு உங்களுக்கே இருக்கட்டும் அண்ணா. இனி அந்தப் பேரை நான் கேட்க மாட்டேன், நாட்டாமைகிட்டயும் சொல்லிட்டேன். அன்னைக்கே ஒரு வரி சொல்லியிருந்தா சண்டையே வந்திருக்காதே. அக்காவை விசாரிச்சேன்னு சொல்லுங்க."

படிக்கப் படிக்க எரிந்தது. அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மேசையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம். அப்புறம் அந்த வரியை மாற்றி, கணினியை அக்காவிடம் நீட்டினேன்.

அவள் என் இன்னொரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குழுவின் பட்டியலை முதலிலிருந்து படித்து முடித்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கணினியை வாங்கி, நிதானமாகத் தட்டி, பச்சை விசையை அழுத்தினாள்.

"இன்னைக்கு எழுதினதுக்கு முன்னால முப்பத்தேழு கடிதம் எழுதியிருக்கேடா. நீ முதல்ல வந்த கதை எல்லாத்துலயும் இருக்கு. நான் ஒண்ணுலகூட இல்லையே."

நான் வாயைத் திறந்தேன். அவள் எதையும் தட்டாமல் மறுபடியும் பச்சை விசையை அழுத்தினாள். அதே வார்த்தைகள் திரும்ப வந்தன.