கௌரியக்காவின் பஸ் நிறுத்தம்

எட்டு வருடமாக ஓர் எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தெற்கு ஆக்லாந்தில், ஒரு மருந்துக்கடைக்கும் மீன் பொரிக்கும் கடைக்கும் நடுவே இருக்கிறது அலுவலகம். கதவைத் திறந்தால் எண்ணெய் வாசனையும் மனுக்களும் சேர்ந்தே உள்ளே வரும். விசா வரவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, சாக்கடை அடைத்துக்கொண்டது. வருகிற எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: எம்.பி.யால் உத்தரவு போட முடியாது, கடிதம்தான் எழுத முடியும். பாதிப் பேருக்கு அங்கேயே முகம் தொங்கிவிடும். சாயங்காலம் பாபகூரா ரயிலில் ஏறி உட்காரும்போது எனக்கு யாரோடும் பேசப் பிடிக்காது.

கௌரியக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை. மங்கரேயில், விமானக் கம்பெனிகளின் துணி துவைக்கிற இடத்தில் வேலை. அறுபதை நெருங்கும் வயது. கையில் ஒரே ஒரு தாள். அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தை எடுக்கப்போவதாகப் பஸ் நிர்வாகம் அனுப்பிய அறிவிப்பு. கருத்துச் சொல்லக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

"என்ர மனுசனுக்குக் கிழமையில மூண்டு நாள் டயாலிசிஸ், தங்கச்சி. நான் வேலையில நிப்பன். மகள் இருக்கிறது வெஸ்ட்கேட்டில, சிற்றியின்ர மற்றத் தொங்கலில. பஸ்ஸிலதான் தனியப் போய் வாறவர்."

"அடுத்த ஸ்டாப் எவ்வளவு தூரம்க்கா?"

"ஒரு கிலோமீட்டர் வரும். அதுவும் ஏத்தம். போன மாசம் ரோட்டு வேலை எண்டு ரெண்டு கிழமை இதை மூடினவை. அப்ப நடந்து வந்து ரெண்டு தரம் விழுந்திட்டார். ஒருக்கா ஆரோ வெள்ளைக்காரப் பொம்பிளைதான் தூக்கிக்கொண்டு வந்து விட்டவ."

இது ஜெயிக்கக்கூடிய விஷயம் என்று எனக்கு உடனே புரிந்தது. இந்த மாதிரி விஷயம் அபூர்வமாகத்தான் வரும். கடைசித் தேதி இருக்கிறது, தூரம் இருக்கிறது, விழுந்த மனிதர் இருக்கிறார். எம்.பி. நேரில் கேட்டுவிட்டு ஒரு கடிதம் போட்டால் நிர்வாகம் சும்மா தள்ளிவிட முடியாது. எம்.பி. பெயர் டங்கன், இங்கே எம்.பி.யையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பதினைந்து நிமிடம் வாங்கிக் கொடுத்தேன். "நீங்களே வந்து இப்ப சொன்ன மாதிரியே சொல்லுங்க, போதும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கௌரியக்கா தனியாக வரவில்லை. பின்னால் ஆறு பேர். எல்லோருக்கும் முன்னால் தமிழ்ச் சங்கத் தலைவர் விநாயகமூர்த்தி, கோட்டு சூட்டோடு.

"தனியப் போறது மரியாதை இல்லை எண்டு இவையள் சொல்லிச்சினம்" என்று கௌரியக்கா என் காதில் சொன்னார். "நாலு பெரிய ஆக்களோட போனாத்தானாம் மதிப்பு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் எம்.பி.யைப் பார்க்கத் தனியாகப் போனால் வாசலில் நிற்பவரே திருப்பி அனுப்பிவிடுவார். நானும் மதுரையில் பிறந்தவள்தான்.

முதலில் ஒரு ரோஜா மாலை. பிறகு பொன்னாடை. பிறகு நினைவுப் பரிசு. சங்கத்தின் செயலாளர் நல்லசாமி, கோயம்புத்தூர்க்காரர், ஒவ்வொன்றையும் மூன்று தடவை போட்டோ எடுத்தார். "சார், இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க" என்று டங்கனிடம் தமிழிலேயே சொன்னார். டங்கனும் திரும்பினார். விநாயகமூர்த்தி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். தமிழின் தொன்மை, சங்கத்தின் இருபது ஆண்டுச் சேவை, பொங்கல் விழாவுக்கு வரவேண்டும், மண்டபம் கட்ட இடம் வேண்டும். கௌரியக்கா கடைசி நாற்காலியில், மடியில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் குறுக்கே பேசியிருக்கலாம். "பஸ் விஷயம்" என்று இரண்டு சொல் போதும். வாயைத் திறக்கப் போன நேரத்தில் விநாயகமூர்த்தி, "எங்கட ரத்னாவையும் கௌரவிக்க வேணும்" என்று எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டார். எட்டு வருடத்தில் யாரும் எனக்கு ஒரு தேநீர்கூட வாங்கித் தந்ததில்லை. கூச்சமாக இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். மணி மூன்றே முக்கால். நேரம் முடிந்தது என்று சொல்வது என் வேலை. சொன்னேன். டங்கன் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குக் கிளம்பிப் போனார்.

சங்கத்துக்காரர்களும் போய்விட்டார்கள். விநாயகமூர்த்தி போகும்போது, "எல்லாம் நல்லாப் போச்சு" என்று கௌரியக்காவிடம் சொன்னார். கௌரியக்கா எழுந்திருக்கவே இல்லை.

"அவையள் சொல்லாட்டிலும் நீங்களாவது சொல்லுவீங்கள் எண்டு பாத்தன், தங்கச்சி."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். பொன்னாடையைக் கழற்றி மேசை மேல் போட்டுவிட்டு டங்கனுக்கு போன் செய்தேன். வண்டி ஓட்டும்போது கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. மூன்று முறை அடித்தபின் எடுத்தார். இப்போது வந்தவர்களில் ஒருவர் இன்னும் தன் விஷயத்தைச் சொல்லவில்லை என்று சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கௌரியக்கா பக்கம் தள்ளினேன்.

அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. எத்தனை நாள் டயாலிசிஸ், எவ்வளவு தூரம், கணவர் எந்தத் தேதிகளில் எங்கே விழுந்தார், எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

டங்கன் வண்டியை ஓரம் கட்டினார் போலிருக்கிறது, இரைச்சல் நின்றது. இதை அறையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

பதினைந்து நிமிடமும் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், என்னை யாரும் கேட்கவில்லை என்றார் கௌரியக்கா. சொல்லும்போது போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

கடிதத்தை நான் எழுதினேன். டங்கன் போனிலேயே படித்துச் சரி என்றார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நிறுத்தத்தை இப்போதைக்கு எடுக்கவில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி பரிசீலிப்போம் என்று எழுதியிருந்தார்கள். இந்த வேலையில் இதுவே பெரிய வெற்றிதான். கௌரியக்காவின் சாப்பாட்டு இடைவேளை பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னேன். பின்னால் துணி துவைக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரு வருசமோ?"

"ஆமாக்கா. அப்புறம் மறுபடி நோட்டீஸ் அனுப்புவாங்க. நாம திரும்ப எழுதணும்."



"ஓம். அப்பவும் இவர் இருந்தா எழுதுவம், தங்கச்சி."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார். நான் அடுத்த வருடக் காலண்டரைத் திறந்து அந்தத் தேதியில் அவர் பெயரை எழுதினேன். அவர் கணவர் பெயரை இதுவரை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.