பட்டியலை வாசித்தவள்

சலவை ஆலையில் எல்லோரும் அவளைக் 'கராத்தே' என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனால் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? "சாப்பாட்டுல உப்பு கம்மின்னு இனிமே வாயே திறக்க மாட்டேன் தாயே" என்று கணவன்கூடக் கும்பிடு போட்டான்.

அவளை வகுப்பில் சேர்த்துவிட்டதே இஸ்திரி மேசை அக்காதான். பத்து வருடமாக எதிரெதிரே நின்று ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்தவர்கள் இருவரும். மேனேஜர் கூப்பிட்டாலே இவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "இப்படிப் பயந்து பயந்தே சாகப்போறியா? போய் நாலு பேரை உதைக்கக் கத்துக்கோடி" என்று அக்கா பிடித்துத் தள்ளாத குறைதான்.

உதைப்பதெல்லாம் அப்புறம். முதல் வருடம் முழுக்க நிற்கவும், மூச்சு விடவும், எதிராளியின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல் இருக்கவும்தான் பழகினாள். நான்காம் வருடம் பழுப்புப் பட்டை கிடைத்தது. அதே வருடம் இயந்திரத்தின் தடுப்புக் கம்பி உடைந்து ஒருத்தியின் விரல் நசுங்கியது. இவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். "கம்பி போடுற வரைக்கும் மெஷின் ஓடாது சார்."

கம்பி வந்தது. அடுத்த மாதம் அவளையே சூப்பர்வைசராகப் போட்டார்கள். "நம்மாளு ஒருத்தி மேல போயிட்டா, இனி நமக்கென்ன கவலை" என்று அக்கா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஏழு மாதம் கழித்து மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். மடிக்கப் புது இயந்திரம் வருகிறதாம். பதினோரு பேர் வேண்டாமாம். மூன்றாவது பெயர் அக்காவுடையது.

"அவங்களுக்குப் பதிலா என் பேரைப் போடுங்க சார்."

"நான் சொன்னா கூச்சல் போடுவாங்க. நீ சொன்னா கேட்டுக்குவாங்க. அதுக்குத்தானேம்மா உன்னை மேல கொண்டுவந்தோம்? முடியாதுன்னா பன்னிரண்டாவதா உன் பேரையும் எழுதிடறேன். அவங்க பேரு அங்கேயேதான் இருக்கும்."

முதுகு அறுவைக்குப் பிறகு கணவன் ஒரு வருடமாக வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தான். அவள் தாளை எடுத்துக்கொண்டாள்.

மதியம் எல்லோரையும் கூட்டி வாசித்தாள். கால்கள் தாமாகவே ஊன்றிக்கொண்டன. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் பெயரைச் சொன்னாள். ஒருவரும் கூச்சல் போடவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்துவைத்த அக்கா மட்டும் கேட்டாள்: "உனக்குக் குரல்கூட நடுங்கலையேடி?"

நடுங்கியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கும் தோன்றியது. நடுங்க மறந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கதவைத் திறந்து, "வாங்க, உட்காருங்க" என்றாள். டீ வந்தது. வேலை ஏதாவது விசாரிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "நாங்க பார்த்துக்கிறோம்ங்க" என்றாள். அந்த 'ங்க'வுக்கு எந்த வகுப்பிலும் தடுப்பு சொல்லித்தரவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

புது இயந்திரம் வந்து இறங்கியது. இன்னும் மூன்று பேர் வேண்டாம் என்று மேனேஜர் இன்னொரு தாளை நீட்டினார். "வாசிச்சிடும்மா."

"சரி சார்" என்றாள்.