மீன் சீட்டு

செய்முறைத் தேர்வுக்குக் குலுக்கலில் எடுத்த சீட்டைத் தேவதர்ஷினி பிரித்தாள். 'மதியம் - மீன் குழம்பு' என்று எழுதியிருந்தது. மீனில் அவளுக்குப் பயமில்லை; பழவேற்காட்டில் பிறந்தவள் மீனுக்குப் பயந்தால் ஊரே சிரிக்கும். மதியம் என்பதுதான் இடித்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குப் பொன்னேரியில் அவளுக்கு பி.பி.ஏ. கடைசித் தேர்வு. கும்மிடிப்பூண்டி கேட்டரிங் கல்லூரியில் டிப்ளமோ செய்முறைத் தேர்வும் அதே நாளில் வந்து விழுந்திருந்தது. காலைச் சீட்டு கிடைத்திருந்தால் சமைத்து வைத்துவிட்டு ரயிலைப் பிடித்திருப்பாள்.

ஒரே சமயத்தில் இரண்டும் படிக்கலாம் என்று ஆனபிறகு துணிந்து சேர்ந்தவள் அவள். வாரநாளில் அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை தொலைநிலை வகுப்பு. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் பயிற்சிக்குப் போனபோது வந்த ஆசை அது. ஷிப்டு மாறும் நேரத்தில் பசியோடு வந்து நிற்கிற அத்தனை பேருக்கும் சோறு போடுகிற அந்த இடத்தை, என்றாவது தானே ஒப்பந்தம் எடுத்து நடத்த வேண்டும். சமையலை டிப்ளமோ சொல்லித்தரும். என்ன விலைக்குப் பேசுவது, ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குப் பட்டம் வேண்டும். கேன்டீன்கள் நடத்தும் நிறுவனம் ஒன்று, இரண்டையும் முடித்து வந்தால் ஜூனில் உதவி மேலாளராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒன்று தவறினாலும் அந்த நாற்காலி வேறு யாருக்கோ.

"சீட்ட மாத்திக்கலாம்மா, நான் வேணாங்கல," என்றார் துறைத்தலைவர் குணசுந்தரி. "ஆனா நேரம் மாறினா அயிட்டமும் சேர்ந்துதான் மாறும். எதிராளி சம்மதிக்கணும்."

காலைச் சீட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். பழகிய அயிட்டத்தை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ப்ரஹ்லாதிடம் மட்டும் அவள் கேட்கவேயில்லை. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பையன். வகுப்பில் மீன், கறி வரும் நாளெல்லாம் காய் நறுக்கும் பக்கம் நகர்ந்துவிடுவான். அவனுக்கு வந்திருந்தது காலை, சர்க்கரைப் பொங்கலும் வத்தக்குழம்பும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வான்.

பாத்திரம் கழுவும் தொட்டியருகே அவள் நின்றிருந்தபோது அவனே வந்தான்.

"உன் சீட்டைக் குடு."

"இன்னா சாமி, விளையாடறியா? அதுல மீனு எழுதிக்குது."

"படிக்கத் தெரியும். இந்தப் படிப்புல சேர்ந்தப்பவே என்னிக்காவது தொட்டாகணும்னு தெரியும். மூணு வருஷமா தப்பிச்சுண்டு இருந்தேன்."

"உங்கூட்ல தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ரெண்டு நாள் பேச மாட்டா. எங்கப்பா சாதாரணமாவே பேச மாட்டார். வித்தியாசம் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சீட்டை அவன் கையில் வைத்தாள்.

மறுநாள் அவள் பழவேற்காட்டு உப்புநீர் ஏரியில் பிடிபட்ட மடவை மீனைக் கொண்டுவந்தாள். செதில் சீவ, செவுளைப் பிடுங்க, குடல் எடுக்க எல்லாம் காட்டினாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே கத்தியைப் பிடித்தான்.

"மீனப் பாருடா, ஜன்னலையா அறுக்கப் போற?"

"அது என்னைப் பாக்கறதே!"

"செத்துப் போச்சு சாமி. பாக்காது."

மூன்றாவது மீனில் கை பழகிவிட்டது. புளி எவ்வளவு, எப்போது மீனைப் போடுவது, போட்டபின் கரண்டியால் கிளறாமல் சட்டியை அசைப்பது எல்லாவற்றையும் சொன்னாள். "உப்பு மட்டும் கம்மியா போடு. மீனே உப்ப விடும்," என்றாள். அவள் அம்மா பச்சையம்மா நாள் தவறாமல் சொல்கிற வார்த்தை அது.

தேர்வு நாளில் அவள் வத்தக்குழம்பையும், நெய் மணக்கப் பொங்கலையும் இறக்கிவைத்துவிட்டு ஓடினாள். அடுத்த ஆளாக அவன் ஏப்ரனை மாட்டிக்கொண்டிருந்தான். ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது, இந்நேரம் மீனைக் கையில் எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். பொன்னேரியில் தேர்வை நிறைவாகவே எழுதினாள்.

மாலையில் பொன்னேரி நிலையத்தில் அவனுக்காகக் காத்திருந்தாள். ஊருக்குத் திரும்பும் வழியில் ப்ரஹ்லாத் அங்கே இறங்கினான். வந்த ரயில் அவனை விட்டுவிட்டுப் போயிற்று. இருவரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எப்டி?"

"எக்ஸாமினர் பாஸ் போட்டுட்டார். ஆனா 'தம்பி, உப்ப வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா'ன்னார். மார்க்கைக் குறைச்சுட்டார். ஃபர்ஸ்ட் ரேங்க் வராது."

"அங்க இன்னா மீனு குடுத்தாங்க?"

"கட்லாவாம்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அது கொளத்து மீனுடா! நான் சொன்னது எங்க உப்புத்தண்ணி ஏரி மீனுக்கு. ஏன், நீ வாயில வெச்சுப் பாக்கலியா?"

"எங்காத்துல தளிகை பண்ணறச்சே யாரும் ருசி பாக்க மாட்டா. பெருமாளுக்குக் காட்டினப்புறம்தான். கை அப்படியே பழகிடுத்து." மூக்கைச் சுருக்கினான். "அதுவும் மீன் வேற."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் எப்போதும் முதலில் நிற்பவன். அந்த இடத்தை அவளுக்காக இழந்துவிட்டு, அதையே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு சரக்கு ரயில் முழுதாகக் கடந்து போயிற்று.

"எங்க ஊர்ல வல இழுக்க ஒரு கை குடுத்தவனுக்கும் பங்கு உண்டு," என்றாள். "கேக்காமயே குடுத்துருவோம். உனக்கு இன்னாத்தடா குடுக்கறது? மீனா குடுக்க முடியும்?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான். 

"நானும் பி.பி.ஏ. சேரலாம்னு இருக்கேன். ஆத்துல இன்னும் சொல்லலை. அக்கவுண்ட்ஸ்னாலே நேக்கு உதறல். ஞாயித்துக்கிழமைல சொல்லித் தரியா?"

"எங்கூட்டுக்கு வரணும். மீன் வாசன தூக்கும்."

அவன் கையை அவள் முன்னால் நீட்டினான். "மோந்து பாரு. நாலு தரம் சோப்புப் போட்டாச்சு."

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பையைத் திறந்து, தேர்வில் கொடுத்த அக்கவுண்ட்ஸ் வினாத்தாளை எடுத்து முழங்காலில் விரித்தாள். முதல் கணக்கின்மேல் விரலை வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம எதுக்கு? இப்பவே ஆரம்பி. இதப் படி, சத்தமா."

அவன் படிக்கத் தொடங்கினான். அவன் ஊருக்குப் போக ஏறவேண்டிய, சென்னைப் பக்கம் போகும் அடுத்த ரயிலும் வந்து நின்று புறப்பட்டது. அவன் எழுந்துகொள்ளவில்லை.