பூவரசந்துறைக்கு ஒரு புள்ளி

ஊர்காவற்றுறைத் தேவாலயப் பங்குமனையில் இருந்த ஒரேயொரு கணினியில் மேர்சி அந்த இறுவட்டைப் போட்டதும் இலங்கையும் எதிர்க்கரைத் தமிழ்நாடும் வரைபடமாகத் திரை முழுக்க விரிந்தன. ஊருக்கு ஒரு புள்ளி. அழுத்தினால் அந்த ஊர்ச் சொல் வரும். ஒரே வேரில் பிறந்த சொற்களை ஒரு கோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேலை. தீவுகளின் சொற்களைச் சேர்த்து அனுப்புவது மேர்சியின் பொறுப்பு. அதில் அவளுக்குச் சொந்த ஆசையும் ஒன்று இருந்தது. தொண்ணூறாம் ஆண்டிலிருந்து பதினைந்து வருடமாகக் கடற்படை வேலிக்குள் கிடக்கும் பூவரசந்துறைக்கு, அவள் பிறந்த ஊருக்கு, ஒரு புள்ளி வேண்டும். வேறு எந்தப் படத்தில்தான் இனி அதைப் போடப்போகிறார்கள்?

அந்த ஊருக்கே உரிய சொல் ஒன்று வேண்டும், ஊரவர் இரண்டு பேர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவளுடைய அப்பா பத்திநாதர் யோசிக்கவே இல்லை. சமைக்கிற இடத்தை மற்றத் தீவுச் சனம் குசினி என்னும், நாங்கள் மட்டும் அடுக்களை என்போம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மேர்சிக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அதுதான். இரண்டாவது ஆளாக, அதே ஊரிலிருந்து ஓடிவந்து புங்குடுதீவில் இருக்கும் குருசுமுத்துவை பஸ் ஏற்றிப் பங்குமனைக்குக் கூட்டி வந்தாள்.

குருசுமுத்து தாடையைச் சொறிந்தார்.

"அண்ணை, ஊரில எல்லாரும் குசினி எண்டுதான் சொன்னவை. அடுக்களை எண்டது உங்கட வீட்டில மட்டுந்தான்."

பத்திநாதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவனுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்; நாலு பேரைச் சாட்சிக்கு இழுத்தார். ஒருவர் பாரிசில், ஒருவர் வவுனியாவில், மற்ற இருவரும் செத்துச் சேமக்காலையில். யாரைக் கேட்பது? மேர்சி தலை குழம்பிப்போய் அந்தச் சொல்லை அடித்துப் பார்த்தாள். 'அடு' என்ற வேரிலிருந்து அடுப்பும் அடுப்படியும் கிளம்பி எங்கெங்கோ போயின. அடுக்களையின் கோடு மட்டும் தீவுகளில் நிற்காமல் கடல் தாண்டித் தூத்துக்குடிப் பக்கம் போய் நின்றது.

அது அம்மாவின் ஊர். மேர்சிக்கு மூன்று வயதானபோது செத்துப்போன அம்மா.

பத்திநாதர் திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க அயல் வீடு இல்லாமல் போன இத்தனை வருடத்தில் வீட்டுச் சொல் அவருக்கு ஊர்ச் சொல்லாகிவிட்டிருந்தது. மேர்சிக்கு அழுகை முட்டியது. ஊர் போனதற்கா, அம்மா வந்ததற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்கட வீட்டுக்கு எண்டு ஒரு புள்ளி போடேலாதே, பிள்ளை?" என்றார் அவர்.

பூவரசந்துறை இருக்க வேண்டிய இடத்தில் அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கடல் மறைந்தது, கரை மறைந்தது, கடைசியில் நிலத்துக்குப் பூசிய வெறும் மஞ்சள் நிறம் மட்டும் திரையில் நின்றது. பத்திநாதர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிழக்கால விடு" என்றார்.